உள்ளீடற்ற ரொட்டி

உணவின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரண்மனை மடைப்பள்ளியிலிருந்தே தொடங்கினர். மன்னன் உண்டது வரலாறாயிற்று. மக்கள் உண்டது 'பழக்கம்' என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போயிற்று. மலையகத் தோட்டத் தொழிலாளரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "அவர்களுக்கு ரொட்டிதானே பழக்கம்" என்று படித்தவர்களும் கூசாமல் சொல்லக் கேட்கிறோம். பழக்கம் வானத்திலிருந்து விழுவதன்று. ஒரு மக்கட் கூட்டம் எதை உண்டு வந்தது என்பதை ஆராயப் புகுந்தால், நிலம் யார் கையில் இருந்தது, நேரம் யாருக்குச் சொந்தமாயிருந்தது, கப்பல்கள் எத்துறையிலிருந்து எத்துறைக்கு ஓடின என்பனவெல்லாம் ஒவ்வொன்றாக வெளிப்படும். பதுளைக்கு அண்மையில், நமுனுகுல மலைச் சாரலில் அமைந்த ஸ்பிரிங்வெளித் தோட்ட லயங்களில் விடியுமுன் சுடப்படும் ரொட்டியை இவ்வாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆயினும் சற்றுத் தொலைவிலிருந்து தொடங்குவது நன்று. ஹங்கேரிய மக்கள் 'பாலாச்சிந்தா' என வழங்கும் பண்டம் ஒன்று உண்டு. தட்டையான பணியாரத்தைக் குறித்த பழைய இலத்தீன் சொல் ஒன்றின் வழிவந்த பெயர் அது. கோதுமை மா, முட்டை, பால் ஆகியவற்றை நீர்க்கக் கரைத்து, நமது தோசையினும் மெல்லியதாக வார்த்தெடுப்பர். இறைச்சியை வெங்காயத்துடனும் செம்மிளகாய்த் தூளுடனும் வேகவைத்து, நறுக்கி, உள்ளே பரப்பி, விளிம்புகளை மடித்துப் பொதிந்து, புளித்த பாலாடை கலந்த சாற்றை மேலே ஊற்றினால் அதற்கு ஹோர்த்தோபாஜ் பாலாச்சிந்தா என்று பெயர். ஹோர்த்தோபாஜ் என்பது கால்நடை மேய்ப்போர் வாழும் பரந்த புல்வெளி. ஆனால் அப்பண்டம் மேய்ப்பரின் குடிசையில் பிறந்ததன்று. 1958ஆம் ஆண்டு பிரசல்ஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியை ஒட்டியே அது அப்பெயருடன் புகழ்பெற்றது என்பர். உழைப்பவனின் நிலத்துப் பெயரை விருந்து மேசை இரவல் வாங்கிக்கொள்வது ஐரோப்பாவிலும் உள்ள வழக்கந்தான். 'ஊவா' என்ற நம் பெயரும் இலண்டன் கடைகளின் தேயிலைப் பெட்டிமேல் மணக்கவில்லையா?

அந்நாட்டின் பண்ணை மக்கள் மெய்யாக எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறிய விரும்புவோர், ஜூலா இய்யேஷ் என்னும் கவிஞர் 1936இல் வெளியிட்ட 'புஸ்தா மக்கள்' என்ற நூலைப் படித்தல் வேண்டும். அவரே அத்தகைய பண்ணையொன்றில் பிறந்தவர். பிரபுக்களின் பெரும் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக ஊழியம் செய்தோர் நீண்ட வரிசை வீடுகளில் குடியிருந்தனர்; பல குடும்பங்களுக்குச் சேர்த்து ஓர் அடுக்களை; கூலியிற் பெரும்பகுதி காசாக அன்றித் தானியமாகவும் பிற பொருளாகவும் அளக்கப்பட்டது. வரிசை வீடு, பொது அடுப்பு, அளந்து கொடுக்கும் தானியம். மலையக வாசகனுக்கு இந்நூலை விளக்க உரையாசிரியர் எவரும் வேண்டியதில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் மனங்கொள்ளல் வேண்டும். அவர்கள் உண்ட கோதுமை அவர்கள் உழுத வயலிலேயே விளைந்தது. 1945ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தம் அப்பெரும் பண்ணைகளை உடைத்தபோது, பங்கிட்டுக் கொடுக்க அங்கே தானிய வயல்கள் இருந்தன.

ஹங்கேரிக்கும் ஸ்பிரிங்வெளிக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. அது சமையலறை வழியாக வந்ததன்று, ஆலை வழியாக வந்தது. கல் திரிகையில் அரைத்த மாவில் தவிடும் முளைக்கருவும் கலந்திருக்கும். முளைக்கருவில் எண்ணெய்ப் பசை உண்டு. ஆகவே அம்மா விரைவில் சிக்கடித்துக் கெடும். 1870களில் புதாபெஸ்ட் நகரின் ஆலைகள் கல்லை நீக்கி இரும்பு உருளைகளைப் பூட்டின. கான்ஸ் தொழிற்சாலையின் பொறியியலாளர் மெக்வார்ட் அவ்வுருளைகளைச் செம்மைப்படுத்தினார். தவிடும் முளைக்கருவும் தனியே பிரிந்தன; வெள்ளை வெளேரென்ற மா தனியே வந்தது. சத்து குறைந்த அம்மாவுக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு: அது கெடாது, மூடையிற் கட்டிக் கடல் கடந்து அனுப்பலாம். அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆலைகளும் உருளை முறையைக் கைக்கொண்டன. உலகத்துக் கோதுமை வணிகம் அவ்வெண்மாவின்மேல் எழுந்தது. பல பத்தாண்டுகளின் பின் அது ஊவா மலைகளை அடைந்தபோது, உண்பவர் அதைத் தெரிவு செய்ததில்லை.

ஊவா நெல் விளையாத நாடன்று. பள்ளத்தாக்குகளிலும் மலைச் சரிவின் படிக்கட்டு வயல்களிலும் நெல் விளைந்தது. மேட்டுச் சேனைகளிற் குரக்கன் விளைந்தது. 1817-18ஆம் ஆண்டுகளின் ஊவா எழுச்சியை ஆங்கிலேயர் அடக்கிய விதம் நாம் அறிந்ததே: வீடுகள் எரிந்தன, பயிர் அழிந்தது, கால்நடை பறிபோயிற்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத காட்டையும் மேட்டையும் அரசுடைமையாக்கித் தோட்டக்காரர்க்கு விற்க வழி செய்தது. 1892இல் நீக்கப்படும்வரை தானிய வரி சிங்களக் குடியானவனின் வயலையே விழுங்கி வந்தது. தோட்டத் தொழிலாளி கிராமத்தானின் நிலத்தைப் பறித்தான் என்று பின்னாளில் மேடையேறிச் சொன்னோர், இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்திருந்தால் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

காப்பிச் செடி ஏறிய அந்த மலைகளுக்கு மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிகளின் பின்னே மக்கள் நடந்து வந்தனர். வழியிலேயே மடிந்தோர் பலர். அவர்கள் ஊரில் உண்டது கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் சோளச் சோறும்; நெற்சோறு திருநாளுக்கு உரியது. தோட்டத்தில் நாள்தோறும் அரிசி கிடைக்கும் என்பதே கங்காணி காட்டிய ஆசைகளுள் தலையாயது. 1876-78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்த வேளையில் அந்த ஆசை எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அரிசி கிடைத்தது உண்மை; ஆனால் அது கூலியிலேயே கழிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கொழும்பில் இறங்கிய அரிசியை மாட்டு வண்டிகள் மலையேற்றின. அதே வண்டிகள் காப்பியைச் சுமந்து இறங்கின. 1869இல் இலைத் துரு நோய் இதே பதுளைப் பகுதியைச் சேர்ந்த மடுல்சீமையில் முதன்முதல் காணப்பட்டது. காப்பி அழிந்தது, தேயிலை வந்தது, தொழிலாளியின் பற்றுச் சீட்டு மாறவில்லை. புகையிரதம் 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்து, 1924இற்றான் பதுளைக்கு வந்து சேர்ந்தது. மேலேறும் வண்டியில் அரிசி, கீழிறங்கும் வண்டியில் தேயிலை என்ற கணக்கில் ஒரு மாகாணமே ஓடிற்று. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் 1929 முதல் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என நாட்கூலி வரையறுக்கப்பட்டபோது, தோட்டம் வழங்கும் அரிசியின் விலையும் புசலுக்கு 4 ரூபாய் 80 சதத்தை மிஞ்சலாகாது என்று விதிக்கப்பட்டது. கூலியையும் சோற்றையும் ஒரே கை அளந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. அவ்விதமான இடத்தில் வேலைநிறுத்தம் என்றால் பட்டினி என்பதே பொருள். அப்படியிருந்தும் 1940இல், லங்கா சமசமாஜக் கட்சியினரின் சங்கத்தில் திரண்டு, பதுளையின் வேவெஸ்ஸத் தோட்டத் தொழிலாளர் தங்கள் குழுவைத் தாங்களே தேர்ந்தெடுத்துத் துரையை எதிர்கொண்டனர். அந்த ஆண்டைப் பதுளைப் பாடசாலைகளில் எவரும் கற்பிப்பதாகத் தெரியவில்லை.

கோதுமை மா தோட்ட லயத்தின் நாளாந்த உணவானது போரினால். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று; பர்மா அரிசி நின்றது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. தன் அரிசித் தேவையிற் பெரும்பகுதியைக் கடல் கடந்து வாங்கப் பழக்கப்பட்டிருந்த இலங்கை, ஒரு பருவத்துக்குள்ளேயே கூப்பனுக்கும் பங்கீட்டுக்கும் வந்தது. அரிசிப் பங்கு குறைய, அவ்விடத்தை ஆஸ்திரேலிய மா நிரப்பிற்று. நகரத்தில் அது பாணாயிற்று. பேக்கரியோ போறணையோ இல்லாத லயத்தில் அது ரொட்டியாயிற்று. போர் முடிந்த பின்னும் மா திரும்பிப் போகவில்லை. கொழும்புத் திட்ட உதவி என்று ஆஸ்திரேலிய, கனேடிய மா வந்தது. 1954இல் அமெரிக்கா இயற்றிய பொதுச் சட்டம் 480, அந்நாட்டின் விற்காத கோதுமைக்கு ஏழை நாடுகளிற் சந்தை தேடித் தந்தது. யாழ்ப்பாணத்துச் சமையற்கட்டில் வெண்மாவுக்கு 'அமெரிக்கன் மா' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெயரிட்ட மக்களுக்கு அரசியற் பொருளாதாரம் தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் வரத்து மட்டும் பழக்கத்தை உண்டாக்காது. அதே மா கிராமத்துக்கும் போயிற்று. கிராமம் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் சோற்றுக்குத் திரும்பியது. தோட்டம் ஏன் காலையிலும் சில வேளை இரவிலும் ரொட்டியிலேயே நின்றது? விடையை அடுப்பங்கரையிற் காணலாம்.

கொழுந்தெடுக்கும் பெண் இருள் பிரியுமுன் எழவேண்டும். பீலியில் நீர் பிடித்து, கவ்வாத்து மிலாற்றை மூட்டி அடுப்பெரிக்க வேண்டும். மழைக்காலத்தில் மிலாறு நனைந்திருந்தால் புகைதான் முதலிற் பெருகும். மாவைக் கொட்டி, துருவிய தேங்காயும் உப்பும் இட்டு, நீர் தெளித்துப் பிசைகிறாள். காசிருந்தால் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து சேரும். உருண்டைகளைக் கையாலேயே தட்டித் தடிப்பாக இரும்புத் தட்டில் இடுகிறாள். எண்ணெய் வேண்டியதில்லை, தேங்காயின் பசையே போதும். இருபுறமும் கறுத்த புள்ளி விழுந்ததும் எடுத்துவிடலாம். தனியே கறி சமைக்க வேண்டியதில்லை. மிளகாயும் உப்பும் வெங்காயமும் இடித்த சம்பல் போதும். பிள்ளைகளுக்கு வைத்தது போக மீந்ததைத் துணியிற் சுற்றி, போத்தலில் சாயத் தண்ணீர் ஊற்றி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறாள். மலையில், கொழுந்துக் கூடைக்கு அருகில், நின்றவாறே உண்ணத்தக்கது அவ்வுணவு. சிந்தாது, பகல்வரை கெடாது, வயிற்றில் நெடுநேரம் கிடக்கும். சோறும் கறியும் ஆக்க இரண்டு அடுப்பும் ஒரு மணி நேரமும் வேண்டும். அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு உரியதன்று. அது தோட்டத்துக்கு உரியது. ரொட்டி அவள் நாவைப் பிடித்துக்கொண்டதினும் பெரட்டு மணியைப் பிடித்துக்கொண்டது என்பதே பொருந்தும். கூலி கொடுக்கப்படாத அந்த விடியற்கால வேலையைத் தோட்டக் கணக்குப் புத்தகம் எந்தப் பக்கத்திலும் எழுதுவதில்லை.

இதில் இன்னுமொன்றையும் நோக்குதல் தகும். கோதுமை இலங்கையில் விளைவதில்லை. தென்னை அந்த உயரத்தில் நன்கு காய்ப்பதில்லை. தேங்காய் கீழ்நாட்டிலிருந்து வருகிறது. உப்பு கடலிலிருந்து. தான் வாழும் மண்ணில் விளைவதில் அவள் உணவிற் சேர்வது போத்தலில் உள்ள சாயம் ஒன்றே. அதுவும் பெரும்பாலும் ஏற்றுமதிக்கு உதவாத தூளிலிருந்து இறங்கியது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிற் பதுளைத் தொகுதியின் உறுப்பினர்களுள் ஒருவராக இலங்கை இந்தியக் காங்கிரசின் எஸ். எம். சுப்பையா தெரிவானார். மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது, வாக்குரிமையும் பறிபோயிற்று. ஆகவே 1953இல் அரிசிக் கொத்தின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்து, ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடு ஹர்த்தாலில் எழுந்து, ஒரு பிரதமர் பதவி விலக நேர்ந்தபோது, தோட்ட மக்கள் அரிசியின் விலையை உணர்ந்தவர்களாகவும் வாக்கற்றவர்களாகவும் இருந்தனர். அதன்பின் வந்த அரசுகள் அனைத்தும் அரிசி விலைக்கு அஞ்சக் கற்றுக்கொண்டன. அஞ்சியது வாக்காளனின் அரிசிக்கே.

அதன் விளைவை 1973-74ஆம் ஆண்டுகள் காட்டின. உலகச் சந்தையில் தானிய விலை ஏறிற்று, பங்கீட்டு அரிசி குறைந்தது, மாவும் அருமையாயிற்று. கிராமத்தான் மரவள்ளியும் குரக்கனும் நட்டான். லயத்தானுக்கு நட நிலமில்லை. காம்பராவின் வாசற்படி வரைக்கும் தேயிலை. மா நின்றபோது அவனுக்கு மாற்று உணவு என்று ஒன்று இருக்கவில்லை. தோட்டங்களில் மரண வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளை விஞ்சி உயர்ந்தது; பட்டினியால் வெளியேறியோர் நகரத் தெருக்களிற் கையேந்தினர். அப்போது நிதியமைச்சர் என். எம். பெரேரா, பெருந்தோட்டத் துறை அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. 1948இல் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து நாடாளுமன்றத்தில் முழங்கிய இடதுசாரிகளே ஆட்சியில் அமர்ந்திருந்த காலம் அது. அந்நியச் செலாவணி நெருக்கடி உண்மையே. உலக முதலாளித்துவத்தின் நெருக்கடி என்பதும் உண்மையே. ஆயினும் எந்த வயிறு முதலிற் காய்வது என்பதை உலகச் சந்தை தீர்மானிக்கவில்லை. இதை இடதுசாரி ஏடுகள் எழுதத் தயங்குவது நமக்குப் பெருமை தருவதன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசின் கைக்கு மாற்றின. லயத்துக்காரன் கைக்கு ஒரு முழ நிலமும் வரவில்லை. ஹங்கேரியின் 1945 நினைவுக்கு வருவது இவ்விடத்திலேதான். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறத் தயங்கிக்கொண்டிருந்த பலரை அந்தப் பட்டினியே தலைமன்னாருக்குத் தள்ளிற்று.

1980இல் திருகோணமலையில் சிங்கப்பூர் நிறுவனமாகிய பிரிமாவின் மாபெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியது. அதுவரை மாவாகவே பெருமளவு வந்த கோதுமை, அதன்பின் மணியாக வந்து இங்கே அரைபட்டது. புதாபெஸ்ட் உருளைகளின் வழித்தோன்றல் நம் கடற்கரைக்கே வந்து சேர்ந்தது என்க.

இனி, உள்ளீடு வைத்த மெல்லிய ரொட்டி நம் நாட்டில் இல்லையா என்று வாசகர் வினவலாம். உண்டு; பதுளை நகரின் தேநீர்க் கடைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கியிருக்கும் 'ரோல்ஸ்' ஹங்கேரியப் பண்டத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன் எனலாம். மா, முட்டை, உப்பு, நீர் சேர்த்து ஐதாகக் கரைத்து, தட்டில் வார்த்து ஒருபுறம் மாத்திரம் வேகவிடுவர். அவித்து மசித்த உருளைக்கிழங்கு, வெங்காயம், லீக்ஸ், மிளகாய், மிளகு, வசதிக்கேற்ப மீனோ இறைச்சியோ சேர்ந்த கலவையை ஓரத்தில் வைத்து, இருபக்க விளிம்புகளையும் உட்புறம் மடித்துச் சுருட்டி, மீண்டும் கரைசலில் தோய்த்து, ரஸ்க் தூளிற் புரட்டி, எண்ணெயிற் பொரித்தெடுப்பர். ஐரோப்பியச் சமையலின் சாயல் இதில் தெளிவு, காரம் நம்முடையது. மரக்கறி ரொட்டியோ மற்றொரு வகை: பிசைந்த மாவை எண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய துணிபோல் விரித்து, கலவையை உள்ளிட்டு முக்கோணமாக மடித்துத் தட்டில் வாட்டுவது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நடத்திய சிறு கடைகள் இவற்றை வளர்த்தன. 1983 ஜூலையில் பதுளையில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டபோது அவ்வடுப்புகளிலும் பல அணைந்தன. சில மீண்டும் மூண்டன.

உள்ளீட்டுக்கு வேண்டிய உருளைக்கிழங்கும் லீக்ஸும் கரட்டும் ஊவாவிலேயே, வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களில், செழித்து விளைகின்றன. 1960களின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு இறக்குமதி தடைப்பட்ட பின் அப்பயிர் இப்பகுதியிற் பெருகியது. மா மட்டுமே அந்நியம். உள்ளீடு மண்ணின் மைந்தன். இருந்தும் சில மைல் தொலைவிலுள்ள லயத்தின் ரொட்டிக்குள் அது நாள்தோறும் நுழைய இயலவில்லை. மெல்லிய ரொட்டிக்கு முட்டை வேண்டும், எண்ணெய் வேண்டும், இரண்டாவது பாத்திரமும் விறகும் நேரமும் வேண்டும். தடித்த ரொட்டி என்பது கைத்திறனின்மை அன்று. அதே பெண் தீபாவளியில் சுடும் முறுக்கையும் பணியாரத்தையும் பார்த்தவர் அவள் கைத்திறனைப் பற்றி ஐயுறார்.

உள்ளீடற்ற உணவின் விளைவு உடலில் எழுதப்படுகிறது. 2016ஆம் ஆண்டின் மக்கட்தொகை, சுகாதார ஆய்வின்படி, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 வீதம். தோட்டப் பகுதிகளில் ஏறத்தாழ 32 வீதம். மாச்சத்து வயிற்றை நிரப்புகிறது. எலும்பையும் குருதியையும் வளர்க்கும் பருப்பும் முட்டையும் மீனும் கீரையும் அடங்கிய பங்கு குறைந்தே இருக்கிறது. ரொட்டியை விட்டொழியுங்கள் என்று தாய்மாருக்கு அறிவுரை வழங்கும் சுகாதாரப் பேச்சாளர், அந்த முட்டையின் விலையை நாட்கூலியோடு சேர்த்துச் சொல்வதில்லை.

2021இல் நாட்கூலி 1000 ரூபாயென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் கிலோக் கணக்கை எடுத்தால்தான் முழுப்பேர், இல்லையேல் அரைப்பேர் என்ற தகராறு ஓயவில்லை. 2022 ஜனவரியில் அரசாங்கம் நிவாரணத் திட்டமொன்றை அறிவித்தது: தோட்டக் குடும்பங்களுக்கு மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபாய்க்கு. வேறெந்தப் பகுதி மக்களுக்கும் மாவைத் தனித்துச் சுட்டி நிவாரணம் அறிவிக்கப்படவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியிற் சந்தையில் ஒரு கிலோ மா 400 ரூபாய் அளவுக்கு ஏறிற்று. முழுப்பேர் வாங்கியவளின் நாட்கூலிக்கு இரண்டரைக் கிலோ. 2024இல் அடிப்படைக் கூலி 1350 ரூபாயாயிற்று. அதற்குள் தேங்காயின் விலையும் ஏறிவிட்டது.

தோட்டங்களிற் சம்பளம் மாதத்தின் 10ஆந் திகதியை ஒட்டி வழங்கப்படுவது வழக்கம். அதற்கடுத்த ஞாயிறன்று லயத்து அடுப்புகளில் உருளைக்கிழங்கு வேகும். டின் மீனொன்று திறக்கப்படும். மாவைச் சற்று மெல்லியதாகத் தட்டி, நடுவே கலவை வைத்து மடித்துச் சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பர். அடுத்த வாரம் ரொட்டிக்குத் தேங்காய்ச் சம்பல். மாதக் கடைசியில் மாவிற் சேரும் தேங்காய்ப் பூவும் குறையும். ரொட்டி வறண்டு விறைக்கும். அதைச் சாயத் தண்ணீரில் தோய்த்து உண்பர்.